சூரியனில் மழை பெய்யுமா?



சூரியனிலும் மழை பெய்யும்னு சொன்னா நம்புவீங்களா? ஆனால் அது தண்ணீர் மழை இல்லை, பிளாஸ்மா மழை!

பிளாஸ்மா என்றால் என்ன? வாயுவை மிக அதிகமாகச் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அதுதான் பொருளின் நான்காம் நிலையான பிளாஸ்மா. அதிலுள்ள துகள்களுக்கு மின்னூட்டம் இருப்பதால், சூரியனின் வளிமண்டலத்தில் காந்தப்புலம் காட்டும் வழியிலேயே ஓடும்.

சூரியப் புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு இருக்கும். திடீர்னு அது அறுந்து வேறு விதமாகச் சேரும்போது ஏராளமான ஆற்றல் வெளிவரும். இதுவே சூரியத் தீச்சுவாலை.

அப்புறம் என்ன நடக்கும்? அந்த ஆற்றல் காந்த வளைவுகள் வழியாகக் கீழே இறங்கித் தாக்கும். அங்கே இருக்கும் பிளாஸ்மா சுமார் 1 கோடி டிகிரி வரை சூடாகி, பால் பொங்குற மாதிரி மேலே பொங்கி வளைவுகளை நிரப்பும். வேகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! பிறகு அது குளிர்ந்து, திரண்டு, அதே வளைவு வழியாகக் கீழே கொட்டும். இதுதான் சூரிய மழை.

15 கோடி கி.மீ. தூரத்தில் நடப்பது நமக்கு எப்படித் தெரியும்? பஸ் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் சத்தம் தணியும். ஒளியும் அப்படித்தான். பிளாஸ்மா நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். இதன் பெயர் டாப்ளர் விளைவு. எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும்!

1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி நம்ம கொடைக்கானலில் இந்த முறையில்தான் சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். 2006-ல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹினோடே, 2013-ல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஐரிஸ் விண்கலங்களும் தீச்சுவாலைக்குப் பின் பிளாஸ்மா பொங்குவதை இப்படித்தான் அளந்தன.

இதைத் தெரிஞ்சு நமக்கு என்ன பயன்? சில சமயம் பிளாஸ்மா மழையாக விழாமல் விண்வெளிக்கு வீசப்பட்டுவிடும். அது பூமியின் காந்தப்புலத்தில் மோதினால் காந்தப் புயல் வரும். 1989 மார்ச் 13-ல் அப்படி வந்த புயலால் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். செயற்கைக்கோள்களும் பழுதாகலாம். பிளாஸ்மா எப்படி ஓடுகிறது என்று நன்றாகப் புரிந்தால் முன்கூட்டியே எச்சரிப்பது எளிதாகும்.

ஒரு வேண்டுகோள்: இதைப் படிச்சிட்டு யாரும் சூரியனை நேராகப் பார்க்காதீங்க. கண் போனால் வராது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி