வரலாறு இருக்கிறது, எந்தப் பதிப்பு நம்முடையது?

பலர் சேர்ந்து வேலை பார்க்கும் கோப்புக் களஞ்சியத்தில் ஒவ்வொரு திருத்தமும் ஆள், நேரம் சகிதம் தானாகவே பதிவாகிவிடும். எல்லாமே இருக்கும்போது, நடுவில் ஒரு பதிப்பைப் பிடித்து அதற்குத் தனியாகப் பெயர் வைப்பானேன்? லினக்ஸ் கெர்னல் இதற்கு நல்ல சாட்சி. 1991-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2005 ஏப்ரலில், லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போதுதான் உருவாக்கியிருந்த கிட் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளுக்கு மாறியது. பழைய திருத்தங்களின் வரலாறு கைவசம் இருந்தும் அவர் அதை ஏற்றவில்லை. ஏற்றினால் 3.2 ஜிபி ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்று முதல் கமிட்டின், அதாவது முதலில் பதிவான திருத்தத்தின், குறிப்பிலேயே எழுதிவைத்தார். ஏற்றியது 2.6.12-ஆர்சி2 என்ற ஒரே பதிப்பை. சோதனைக்கென வெளியிடப்பட்டு, எல்லோரும் பெயர் சொல்லி அறிந்திருந்த பதிப்பு அது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்பதே பெரிய வழக்காகியிருக்கும்.

அதற்காக வரலாறு வேண்டாததாகிவிடாது. விட்டுப்போன பழைய திருத்தங்களைப் பின்னர் வேறு சிலர் தனிக் களஞ்சியமாகத் தொகுத்தார்கள். ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தேடுகிறவருக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் 'ஏன்' என்ற கேள்வி வேறு, 'எது' என்ற கேள்வி வேறு. கெர்னலின் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வருவது சாதாரணம். முந்தையதில் ஓடியது, இதில் ஓடவில்லை என்றால், கிட்டின் பைசெக்ட் கட்டளை நடுவிலுள்ள திருத்தத்தை எடுத்துத் தரும். சோதித்துச் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவுக்குப் போகும். சுமார் 14 சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும். தேடுவது வரலாற்றில்தான், எல்லை கட்டித் தருவது அந்த இரண்டு பெயர்கள். தேதியை வைத்தே எல்லை கட்டலாமே என்றால், திங்களன்று ஒருவர் தன் கிளையில் செய்த திருத்தம் வெள்ளியன்று பொதுக் கிளையில் சேர்ந்தாலும் பட்டியல் திங்கள் என்றே காட்டும். அதுவும் அவருடைய கணினிக் கடிகாரம் சொன்ன திங்கள்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பெயரை நகர்த்த முடியும். கிட் களஞ்சியங்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 2025 மார்ச்சில் அதுதான் நடந்தது. 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திவந்த டிஜே-ஆக்‌ஷன்ஸ் கருவிக்குள் புகுந்தவர்கள், ஏற்கெனவே இருந்த டேக்குகளை, அதாவது பதிப்புகளுக்கு வைத்த பெயர்களை, நகர்த்தி, நச்சு நிரல் கொண்ட ஒரே கமிட்டைச் சுட்டும்படி வைத்தார்கள். டேக்கை நம்பியவர்களில் பலருடைய ரகசியச் சாவிகள் இயக்கப் பதிவேட்டில் (லாக்) அச்சாயின. கமிட்டின் 40 எழுத்து அடையாளக் குறியான ஹாஷை முன்பே எழுதிவைத்திருந்தவர்கள் தப்பினார்கள். உலகம் வரலாற்றைப் படிப்பதில்லை, பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறது என்று திருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! ஆகவே வெளியீட்டுக்கு வெறும் டேக் போதாது. குறித்தவர் பெயர், காரணம், டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் தாங்கிய டேக்கை கிட் அனுமதிக்கிறது; கெர்னல் வெளியீடுகள் அப்படித்தான் வருகின்றன. பக்கத்தில் ஹாஷையும் குறித்துவைத்தால் நகர்த்தியது தெரிந்துவிடும்.

நிரல் எழுதாதவர்களுக்கு, இப்படி ஒரு பதிப்பைக் குறித்துவைப்பது இன்னும் அவசியம். கிட் பழையதைப் பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கும். கூகுள் டிரைவ் அப்படியல்ல. அதில் ஏற்றிய பிடிஎஃப் போன்ற கோப்பின் பழைய பதிப்பு 30 நாள் ஆனாலோ, 100 பதிப்புகள் சேர்ந்தாலோ நீக்கப்படலாம். நிரந்தரமாக வைத்திருக்கும்படி நாம் குறித்துவிட்ட பதிப்புக்கு மட்டும் அதில் விலக்கு.