காயலான் கடைக்குப் போகவேண்டிய கார்... பள்ளிக்கூடப் பையன்... 'மெக்லாரன்' பிறந்த கதை!

'இன்ஜினை இறக்கணும் சார்...'

மெக்கானிக் இப்படிச் சொன்னாலே நம்மில் பலருக்கு அடிவயிறு கலங்கிவிடும். செலவு எவ்வளவு ஆகும், வண்டி மறுபடி ஒழுங்காக ஓடுமா, பேசாமல் விற்றுவிடலாமா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்.

1950-களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு மெக்கானிக்கின் வீட்டிலேயே அப்படியொரு பட்டிமன்றம் நடந்தது. 'ரிப்பேர் செய்து லாபத்துக்கு விற்றுவிடலாம்' என்பது அப்பா கட்சி. 'விற்க வேண்டாம், நாமே வைத்துக்கொள்வோம்' என்பது மகன் கட்சி. ஜெயித்தது மகன். இன்று கார் பந்தய உலகமே அறிந்த 'மெக்லாரன்' என்ற பெயருக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த முடிவுதான்!

படுக்கையில் போன பால்யம்

புரூஸ் மெக்லாரன் பிறந்தது 1937-ல். அப்பா லெஸ், ஆக்லாந்தின் ரெமுவேரா பகுதியில் பெட்ரோல் பங்கும் பட்டறையும் நடத்திவந்தார். கிரீஸ் வாசனையோடு வளர்ந்த பையனுக்கு 9 வயதில் இடுப்பில் பிரச்னை வந்தது. 'பெர்த்தஸ்' என்று பெயர் சொன்னார்கள் மருத்துவர்கள். தொடை எலும்பின் பந்து போன்ற மேல்முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு பலவீனமாகிவிடும் நோய் அது.

சுமார் 2 ஆண்டுகள், குழந்தைகளுக்கான சிகிச்சை இல்லம் ஒன்றில் படுக்கையிலேயே கழிந்தன. மறுபடி நடப்பானா என்ற கவலையோடுதான் வீட்டில் காத்திருந்தார்கள். நடந்தான். ஆனால், ஒரு கால் சற்றே குட்டையாகிவிட்டது. கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடை.

அந்தப் பையன் கண்ணில்தான் அந்தக் கார் பட்டது.

110 பவுண்ட் பேரம்

லெஸ் வாங்கியது 'ஆஸ்டின் செவன் அல்ஸ்டர்' என்ற 1929-ம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார். விலை 110 பவுண்ட். அப்போதே 20 வயதைத் தாண்டிய வண்டி. ஓடும் நிலையில் இல்லை. பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது.

ஆஸ்டின் செவன் ஒன்றும் பணக்காரர்களின் கார் அல்ல. சாதாரணக் குடும்பங்களுக்காக இங்கிலாந்தில் 1922-ல் அறிமுகமான குட்டிக் கார். 747 சி.சி. இன்ஜின், 4 சிலிண்டர்கள். அல்ஸ்டர் என்பது அதன் பந்தய வடிவம். ஆஸ்டின் செவன், 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாரானதால், பழைய பாகங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. கையில் காசில்லாத பந்தயப் பிரியர்களுக்கு இது கற்பக விருட்சமானதற்குக் காரணமே அதுதான். 'லோட்டஸ்' நிறுவனர் காலின் சாப்மேன் 1948-ல் தன் முதல் காரை உருவாக்கியதும் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்துத்தான்!

இன்ஜினுக்குள் என்ன பிரச்னை?

இந்த இன்ஜினுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிஸ்டன்களின் மேல்கீழ் ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். ஆஸ்டின் செவனில் அதைத் தாங்க, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே இடங்களில்தான் பேரிங். நடுவில் தாங்கல் கிடையாது. நிதானமாக ஓட்டினால் தொல்லை இல்லை. பந்தயத்தில் விரட்டினால், கிராங்க் நடுவில் வளைந்து வளைந்து கொடுக்கும். ஒருநாள் 'டப்' என்று உடைந்தும்போகும்.

அதனால், இப்படிப்பட்ட இன்ஜினுக்கு மறுபடி உயிர் கொடுப்பவர்கள் முதலில் செய்வது அளப்பதுதான். எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, கிராங்க்கில் விரிசல் இருக்கிறதா, சிலிண்டர் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வால்வு ஒழுங்காக உட்காருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிரிக்கும்போதே எது எங்கே இருந்தது என்று எழுதிவைக்காவிட்டால், பூட்டும்போது திண்டாட்டம்தான்!

எங்கே மிச்சம் பிடிக்கலாம்... எங்கே கூடாது?

தேய்ந்த பாகம் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால், லேத் பட்டறையில் போர் செய்து, அதற்கேற்ப சற்றே பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க் தேய்ந்திருந்தால், சாணை பிடித்து வழவழப்பாக்கி, அதற்குத் தக்க பேரிங் பொருத்தலாம். ஆஸ்டின் செவனில் கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருப்பது வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகப் பூச்சு. அது தேய்ந்தால், உருக்கி மறுபடி ஊற்றிக் கடைந்துவிடலாம். ராடையே மாற்ற வேண்டாம். வால்வுக்குப் பசை தடவித் தேய்த்து உட்கார வைப்பதற்குப் பணமே தேவையில்லை. பொறுமை போதும்.

ஆனால், கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. பிஸ்டன் ரிங், கேஸ்கெட், பேரிங், முக்கியமான போல்ட்டுகள் ஆகியவற்றில் கஞ்சத்தனம் செய்தால், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு பிறகு செலவாகும். விரிசல் விட்ட கிராங்க்கை 'கொஞ்ச நாள் ஓடட்டுமே' என்று மாட்டினால், அது சிலிண்டர் பிளாக்கையும் சேர்த்து உடைத்துக்கொண்டுதான் போகும்.

இன்ஜின் வேலையில் பெரும் செலவு கூலிக்குத்தான் போகும். மெக்லாரன் வீட்டில் அந்தச் செலவு இல்லை. அப்பாவின் அனுபவம், பட்டறையின் கருவிகள், மகனின் நேரம்... இந்த மூன்றும்தான் அவர்களின் உண்மையான முதலீடு. இது எல்லோருக்கும் வாய்க்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழ மரங்களைச் சுற்றி...

வண்டி உயிர்பெற்றது. லைசென்ஸ் வாங்கும் வயது வரும்வரை, வீட்டின் பின்புறத் தோட்டத்தில் பழ மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினான் புரூஸ். முதல் போட்டி, ஆக்லாந்துக்கு அருகே முரிவாய் என்ற இடத்தில் நடந்த மலைப்பாதைப் பந்தயம். ஓட்டியதோடு நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டுவதற்காக இன்ஜின் ஹெட்டிலும் தானே வேலை பார்த்தான். வாங்கிப் போட வசதி இல்லாததால், ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் புரிதல்தான் பின்னாளில் அவரை மற்ற டிரைவர்களிடமிருந்து வேறுபடுத்தியது.

1959-ல் அமெரிக்காவின் செப்ரிங்கில் ஃபார்முலா ஒன் பந்தயத்தை வென்றபோது புரூஸுக்கு வயது 22. 1963-ல் சொந்த அணி தொடங்கினார். 1966-ல் கிறிஸ் ஏமனுடன் சேர்ந்து லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். 1968-ல் பெல்ஜியத்தில், தன் பெயர் தாங்கிய காரிலேயே ஃபார்முலா ஒன் வெற்றி!

1970 ஜூன் 2-ம் தேதி, இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் புதிய கார் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது நடந்த விபத்தில் இறந்துபோனார் புரூஸ். வயது 32. அவர் தொடங்கிய அணி நிற்கவில்லை. 2024-ல் ஃபார்முலா ஒன் அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை, 26 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி வென்றது.

இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் இருக்கும் மெக்லாரன் தலைமையகத்தில், கோடிகளில் உருவான பந்தய கார்களோடு அந்தக் குட்டி ஆஸ்டினுக்கும் ஓர் இடம் உண்டு. அன்றைக்கு லெஸ் அதை விற்றிருந்தால், சில பவுண்டுகள் லாபம் கிடைத்திருக்கும். அவ்வளவுதான்!

அடுத்த முறை மெக்கானிக் 'இறக்கணும்' என்றால், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் அழைத்துப்போங்கள்!