வரி குறைந்தது யாருக்கு, சுமை வந்தது யாருக்கு?

"நாங்கள் வரி கட்டுவதில்லையே, அரசாங்கத்தின் கடனைப் பற்றி எங்களுக்கென்ன?" கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் நடக்கும் பெண்கள் கூட்டங்களில் இதனை அடிக்கடி கேட்கிறேன். போரில் கணவனை இழந்து, வன்னியிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவரும் இதையே சொன்னார். அவர் வாங்கும் சவர்க்காரத்திலும் நூல் கட்டையிலும் வரி இருக்கிறது. சம்பளச் சிட்டையில் வராத வரி கடைச் சிட்டையில் வருகிறது, அவ்வளவுதான்.

2019 டிசம்பர் முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை உழைப்பவர்கள் வருமான வரி கட்டத் தேவையில்லை என்றாயிற்று. அதாவது மாதம் இரண்டரை இலட்சம்! நமது கூட்டங்களுக்கு வரும் பெண்கள் பழைய எல்லையைக்கூட எட்டியவர்களல்லர். சவர்க்காரத்தின் விலை குறைந்ததாகவும் எவரும் என்னிடம் சொன்னதில்லை.

வரியைக் குறைத்த அரசாங்கம் செலவைக் குறைக்கவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 சதவீதமாக இருந்த அரச வருமானம் 2021 இல் எட்டுச் சதவீதமளவிற்கு இறங்கியது. கொரோனாவும் வந்து உல்லாசப் பயணிகளை நிறுத்திவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாடுகளில் புதிய கடன் பெற முடியாமற்போக, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. கையிருப்பிலிருந்த டொலர்கள் பழைய கடனுக்கே கரைந்தன. அந்தப் பழைய கடன் ஒரு நாளில் வந்ததல்ல. போர்க்காலத்திலும் கடன்பட்டே செலவு செய்தார்கள், 2009 இற்குப் பின்னரும் பாதுகாப்புச் செலவு பெரிதாகவே இருந்தது. இழப்பும் நம்முடையது, கடனும் நம்முடையது.

2022 மார்ச் இறுதியில் மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமான் ஏறத்தாழ இரண்டாயிரமாயிற்று. பிள்ளைகளின் பால்மாவை முதலில் நிறுத்தியவர்கள் தாய்மாரே. அதற்கும் முன்னர் தங்கள் இராச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு வரி திரும்பி வந்தது. 2022 இல் 12, பின்னர் 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம். முன்பு விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தது. இலட்சம் உழைப்பவளும் பத்தாயிரம் உழைப்பவளும் ஒரே சிலிண்டருக்கு ஒரே வரிதான் கட்டுகிறாள். கடனை அடைக்க வரி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதை யாரிடம் முதலில் கேட்பது என்பதே என் கேள்வி.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளான கோட்டாபய, மகிந்த ராஜபக்ஷ உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் மக்களின் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. இதைக் கூட்டத்தில் வாசித்தபோது ஓர் அம்மா, "அப்ப எங்கட காசு?" என்றார். எவருக்கும் நட்டஈடு கிடைக்கவில்லை.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும உதவித்தொகை இருக்கிறது. பெயர் விடுபட்ட சகோதரிகளே, மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது பிரதேச செயலகத்திற்குப் போங்கள். போர் விதவை, வாடகை வீடு, நோயாளிப் பிள்ளை என்று எதையும் விடாமல் எழுதுங்கள், எழுதியதன் பிரதி ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.