சாயமில்லாமல் செல்லைப் பார்க்கும் வழி

ஒரு புதிய மருந்து மனித உடலுக்குள் போவதற்கு வெகு முன்பே, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களின்மேல் அதைச் சோதித்துவிடுகிறார்கள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் 384 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் செல்கள், குழிக்கொரு வேதிப்பொருள். எந்தக் குழியில் செல்களுக்கு என்ன ஆனது என்று கண்டறிய வேண்டும்.

செல்லுக்கோ பெரும்பாலும் நிறமே கிடையாது. சாதாரண நுண்ணோக்கியில் அதன் விளிம்பே மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் சாயம் ஏற்றுகிறார்கள். ‘செல் பெயின்டிங்’ என்ற முறையில் ஆறு சாயங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகின்றன. படம் அருமையாக வரும். ஆனால் அதற்குச் செல்லைக் கொன்று பதப்படுத்த வேண்டும். கிடைப்பது ஒரே ஒரு கணத்தின் படம். உயிருள்ள செல்லில் ஒளிரும் சாயமேற்றி மணிக்கணக்கில் பார்த்தாலோ, பாய்ச்சும் ஒளியே செல்லை வாட்டுகிறது. பிறகு செல் செத்தது மருந்தாலா, ஒளியாலா என்ற சந்தேகம் வந்துவிடும்.

இதற்கு வழி 1930களிலேயே பிறந்துவிட்டது. நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, செல்லின் உட்பொருளுக்கு அதைவிடச் சற்றே அதிகம். ஆகவே செல்லைக் கடக்கும் ஒளி அலை ஒரு துளி பின்தங்குகிறது. நம் கண்ணுக்கு ஒளியின் பிரகாசம் தெரியும். இந்தப் பின்தங்கல் தெரியாது. நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் செர்னிக்கே அதைப் பிரகாச வேறுபாடாக மாற்றிக் காட்டினார். 1953இல் இயற்பியல் நோபல் அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். இன்றைய டிஜிட்டல் ஹாலோகிராஃபி நுண்ணோக்கி அந்தப் பின்தங்கலை எண்ணாகவே அளக்கிறது. அதிலிருந்து நீர் நீங்கலாகச் செல்லின் எடையைக் கணக்கிடலாம். செல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தொடர்ந்து பார்க்கலாம்.

புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செலை எடுத்துக்கொள்வோம். தட்டில் தோசைபோலப் பரந்து ஒட்டியிருக்கும் செல், பிரியும்போது உருண்டு பளிச்சென்று மின்னும்; சிறிது நேரத்தில் இரண்டாகிப் பரந்துவிடும். மருந்து கொடுத்தால் உருண்ட செல் பல மணி நேரம் உருண்டபடியே நிற்கிறது. சில செல்கள் குமிழ்விட்டுச் சாகின்றன. சில, பிரியாமலேயே மீண்டும் பரந்து, சிதறிய உட்கருக்களோடு உயிர்பிழைக்கின்றன. கடைசியில் எடுத்த சாயப் படம், எந்தச் செல் எந்த வழியாக அந்த நிலைக்கு வந்தது என்று சொல்லாது. தொடர்ந்து எடுத்த படம் சொல்லும். எனக்கு இந்த முறையின் பெரிய பலமாகப் படுவது இதுதான்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவும் இங்கே உதவுகிறது. அது காட்டும் மூலக்கூறு அதிர்வைக் கொண்டு கொழுப்பு எங்கே, புரதம் எங்கே என்று சாயமில்லாமலே பிரித்தறியலாம். சமிக்ஞை மிக மெல்லியது என்பதால் ஆயிரக்கணக்கான குழிகளுக்கு அது இன்னும் மெதுவான முறைதான்.

சாயமில்லாத முறைக்குக் குறைகளும் உண்டு. சிறு குழியில் திரவத்தின் மேற்பரப்பு வளைவதே படத்தைக் கெடுக்கும். மருந்து எந்தப் புரதத்தைத் தாக்கியது என்பதும் இதில் தெரியாது. சாயமற்ற படத்தைப் பார்த்துச் சாயப் படத்தை ஊகிக்கக் கணினிக்குக் கற்றுத்தர முடியும் என்று 2018இல் காட்டினார்கள். ஆனாலும் அது ஊகமே. கணினி பயிற்சியில் பார்த்திராத மாற்றத்தை ஒரு புதிய மருந்து உண்டாக்கினால், அந்த ஊகம் தவறிவிடலாம்.

ஆகவே முதல் சல்லடையாகச் சாயமற்ற படமே போதும். அதில் தேறிய சில மருந்துகளுக்கு மட்டும் சாயம் ஏற்றிப் பார்ப்பதே சரியான வரிசை.