மலையைக் காக்கும் சிறு அமைப்புகளை வழிநடத்துவோர்

பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை, கும்பக்கரை அருவியாகவும் வராக நதியாகவும் இறங்கிப் பெரியகுளம் வட்டாரத்தை நனைத்து வைகையில் கலக்கிறது. சோத்துப்பாறை அணையின் தண்ணீரும் அந்த மலை தருவதே. மேலே சோலைக்காடும் புல்வெளியும் நிலைத்தால்தான் கோடையிலும் ஓடைகளில் நீர் கசியும். ஆனால் 1973-க்கும் 2014-க்கும் இடையே இம்மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சீகை, பைன், யூகலிப்டஸ் காடுகளாலும் விவசாயத்தாலும் மறைந்துபோனது. இந்த இழப்பைத் தடுக்க முன்வந்தவற்றுள் சில மிகச் சிறிய அமைப்புகளும் உண்டு. அவற்றின் வலிமை பணத்தைவிட, வழிநடத்தியவர்களின் கூட்டுத் திறமையில்தான் இருந்தது.

கொடைக்கானலில் 1985-இல் உருவான பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் அவற்றில் மூத்தது. மலையில் வாழ்ந்தவர்களே அதை நடத்தினார்கள். நாற்றங்கால் வைத்து மரக்கன்று வளர்த்ததோடு, சட்டத்தின் வழியையும் அவர்கள் கையிலெடுத்தார்கள். இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்று ஏழு தளங்கள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டலை எதிர்த்து வழக்காடினார்கள். கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்பதை 1995-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மலையைச் சரணாலயமாக்கக் கோரி இந்த அமைப்பு நீண்ட காலம் குரல் கொடுத்தது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு திண்டுக்கல், தேனி இரு மாவட்டங்களிலும் விரிகிறது.

வழக்காட உறுதி வேண்டும். காட்டை மீட்க அறிவு வேண்டும். அந்த அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர், திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினாட் தாவரக் காட்சியகத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மேத்யூ. 2004-இல் மறைந்த அவர், பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்து 1999-இல் பெருநூலாக வெளியிட்டார். எந்தச் செடி இந்த மண்ணுக்குரியது, எது வந்தேறி என்று பிரித்தறிய அந்நூல் அடித்தளம் ஆனது.

பிரிட்டனிலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இணையர் அங்கே ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையை அமைத்தார்கள். காட்டில் நீண்ட நேரம் செலவழித்துச் செடிகளைக் கற்றவர்கள் அவர்கள். சோலை மரங்கள் பலவற்றின் விதைகள் காய்ந்தால் முளைக்காது. பழம் விழுந்ததும் பொறுக்கி, சதை நீக்கி, உடனே விதைத்து, நிழலில் ஈரம் குன்றாமல் காக்க வேண்டும். கன்று நடும் உயரம் எட்டக் காத்திருக்கவும் வேண்டும். ருத்திராட்ச மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோய் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அது மறுபடி கண்டறியப்பட்டு நாற்றாக வளர்ந்தது இத்தகைய பொறுமையால்தான்.

இத்தனை ஆர்வத்துக்கும் அடியில் கணக்கு வழக்கு இருந்தாக வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் தேவை. அறக்கட்டளையானால் பத்திரம் பதிந்து, அறங்காவலர்கள் பொறுப்பேற்கிறார்கள். தணிக்கை, வருமான வரிப் பதிவு, நன்கொடை ரசீது எல்லாம் அவர்கள் தலையில்தான். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கணக்காளரை வைத்துக்கொள்வதே கடினமான சிறு அமைப்புக்கு இது பெரிய சுமை.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் வேறொரு முறையைக் காணலாம். கேரளத்தின் தேக்கடியில், பெரியார் புலிகள் காப்பகக் காட்டில், வயண (காட்டு இலவங்க) மரப்பட்டை உரித்துத் திருடியவர்கள் 1990-களில் மனம் மாறிக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். அவர்களுக்கெனத் தனிச் சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. அந்த முயற்சிகள் தொடர 2004-இல் கேரள அரசு பெரியார் அறக்கட்டளையை ஏற்படுத்தியது. 2006-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் புலிகள் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்றது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகத்துக்கும் இது பொருந்தும்.

அரசு சார்ந்த அறக்கட்டளையில் அதிகாரி மாறினாலும் பதவி நிற்கும்; வருவாயும் ஓரளவு உறுதி. தனியார் சிறு அமைப்பில் நிறுவியவர் விலகினால் செடியின் பெயர் அறிந்தவரும் நன்கொடையாளரை அறிந்தவரும் ஒருங்கே போய்விடுகிறார்கள். ஆகவே நாற்றங்காலில் வேலை செய்யும் உள்ளூர் இளைஞர்களை விதை சேகரிப்பிலும் தாவரப் பெயர்களிலும் பழக்குவது, அவர்களில் தகுதியானவரை நிர்வாகக் குழுவில் அமர்த்துவது, வழக்கறிஞர், தாவரவியலாளர், கணக்கர், ஊர்க்காரர் நால்வரும் அதில் இடம்பெறச் செய்வது ஆகியவை இவ்வமைப்புகளின் முதற்கடமைகள். சோலை மரம் வளர்ந்து ஆளாக ஒரு தலைமுறை போதாது. அதை நட்டவர்களின் பொறுப்பும் அடுத்த தலைமுறையிடம் முறையாகக் கைமாற வேண்டும்.