கடைசி மூன்று அவுட்: பேஸ்பாலின் ரிலீஃப் பிட்ச்சர்கள்

பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் ஒன்பது இன்னிங்ஸ் மட்டையடிக்கிறது. ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட் ஆனதும் மட்டை எதிரணிக்குப் போகிறது. கிரிக்கெட்டில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை பந்துவீச்சாளர் மாறியாக வேண்டும். பேஸ்பாலிலோ பிட்ச்சர் எனப்படும் பந்தெறிபவர், அணியின் மேனேஜர் அவரை விலக்கும் வரை ஒருவராகவே எறிந்துகொண்டிருப்பார் என்பதும், விலகிய பின் அன்றைய ஆட்டத்தில் அவர் மீண்டும் எறிய இயலாது என்பதும் பொது விதி. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஏறத்தாழ நூறு பந்துகளில் களைத்துவிடுகிறார். அதன்பின் அவரது கைக்கு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். அவர் விட்ட இடத்திலிருந்து, பெரும்பாலும் ஆட்டம் இக்கட்டில் இருக்கும் வேளையில், பந்தைக் கையில் வாங்குபவரே ரிலீஃப் பிட்ச்சர்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் 162 ஆட்டங்களை ஆடுகிறது. தொடக்க பிட்ச்சர் தமக்குரிய நாளை முன்கூட்டியே அறிவார். ரிலீஃப் பிட்ச்சருக்கு அந்த வசதி கிடையாது. மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற தனியிடத்தில் அவரும் அவரைப் போன்ற ஏழெட்டுப் பேரும் காத்திருக்க, மேனேஜரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததும் எழுந்து கையைச் சூடேற்ற எறியத் தொடங்குவார். ஆட்டத்தின் போக்கு மாறிவிட்டால் களத்தில் இறங்காமலே மீண்டும் உட்கார்ந்துவிட நேரும். அவ்வாறு எறியும் பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை, ஆனால் தோள் அவற்றையும் சேர்த்தே கணக்கு வைத்துக்கொள்கிறது. இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தக் கணக்கில் வராத உழைப்பைத்தான். ஏனெனில், இத்தொழிலின் வரலாறு முழுவதும் எது எண்ணப்பட்டது, எது எண்ணப்படாமல் போனது என்பதைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.

பேஸ்பாலின் தொடக்கக் காலத்தில் இப்படி ஒரு தொழிலே இருக்கவில்லை. அணியின் ஒவ்வொரு வெற்றியும் அதன் பிட்ச்சர்களில் ஒருவரது பெயரில் எழுதப்படும் இவ்வாட்டத்தில், 1904இல் நியூயார்க் அணிக்காக 41 வெற்றிகளைப் பெற்ற ஜாக் செஸ்ப்ரோ, தாம் தொடங்கிய 51 ஆட்டங்களில் 48ஐத் தாமே முடித்தும் வைத்தார். பாதியில் விலக்கப்படுவது அக்காலத்தில் இழுக்காகக் கருதப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப வருபவர் வயது கடந்தவராகவோ, தொடக்க பிட்ச்சராகத் தேறாதவராகவோ இருப்பது வழக்கம். 1924இல் மேஜர் லீக்கின் இறுதிக் கோப்பைக்கான உலகத் தொடரை வென்ற வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி, ஃபிர்ப்போ மார்பெரி என்ற இளைஞரை ஆட்டங்களின் பிற்பகுதிக்கென்றே திட்டமிட்டுப் பயன்படுத்தியபோதுதான், இந்தப் பணி தண்டனையாக இல்லாமல் ஒரு பொறுப்பாகவும் இருக்கக்கூடும் என்று மற்றவர்கள் காணத் தொடங்கினர்.

அப்பொறுப்பை ஒரு வாழ்நாள் தொழிலாக ஆக்கிக்காட்டியவர் ஹாய்ட் வில்ஹெம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு, உடலில் தங்கிய எறிகுண்டுத் துணுக்குகளுடனேயே ஆடிய அவர், மேஜர் லீக்கில் காலடி வைத்தது 1952இல், 29 வயதில்தான். அவருடைய ஆயுதம் நாக்கிள்பால் எனப்படும் மெதுவான பந்து. விரல்நுனிகளால் பற்றி, ஏறக்குறைய சுழற்சியே இல்லாமல் விடப்படும் அப்பந்து, காற்றின் இழுப்புக்கேற்ப எப்பக்கம் திரும்பும் என்பதை மட்டையாளர் மட்டுமல்லாமல் அதைப் பிடிக்க வேண்டிய கேட்சரும் அறிய முடியாததாக இருந்தது. 1960இல் பால்டிமோர் அணியின் மேனேஜர் பால் ரிச்சர்ட்ஸ், அவரது பந்துகளைப் பிடிப்பதற்காகவே கேட்சருக்கு மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்வித்தார். வேகத்தை நம்பாத கை விரைவில் தேய்வதில்லை என்பதால், 1972இல் ஏறத்தாழ ஐம்பது வயதில் விலகும்போது 1,070 ஆட்டங்களில் எறிந்திருந்தார். அன்றுவரை வேறெந்தப் பிட்ச்சரும் அத்தனை ஆட்டங்களில் எறிந்ததில்லை. 1985இல் பேஸ்பாலின் பெருமைமிகு மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட முதல் ரிலீஃப் பிட்ச்சரும் அவரே.

இதற்கிடையில் இத்தொழிலின் போக்கையே திருப்பிய மாற்றம் ஒன்று களத்துக்கு வெளியே, செய்தித்தாள் அலுவலகத்தில் தோன்றியது. 1959இல் பிட்ஸ்பர்க் அணியின் ராய் ஃபேஸ் என்ற ரிலீஃப் பிட்ச்சர் 18 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் பெற்று வியப்பூட்டினார். ஆனால், அவ்வெற்றிகளில் சில, அவரே முன்னிலையைப் பறிகொடுத்து, பின்னர்ச் சொந்த அணியினர் மட்டையால் மீட்டுத் தந்தவை என்பதைச் சிகாகோவின் விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கவனித்தார். காத்துக்கொடுத்தவரின் பெயர் ஏட்டில் இல்லாமலும், கோட்டைவிட்டவரின் பெயர் வெற்றிப் பட்டியலில் ஏறியும் கிடப்பது முறையன்று என்று கருதிய அவர், ‘சேவ்’ என்ற புதிய கணக்கை வகுத்தார். 1969இல் அது அதிகாரப்பூர்வமானது. முன்னிலையில் உள்ள தம் அணியின் ஆட்டத்தை இறுதிவரை எறிந்து முடிப்பவருக்கு, அவரே அந்த ஆட்டத்தின் வெற்றி பிட்ச்சராக இல்லாத நிலையில், சில நிபந்தனைகளுடன் சேவ் அளிக்கப்படுகிறது: மூன்று ரன்களுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து குறைந்தது ஓர் இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும், அல்லது ஆட்டத்தைச் சமன்செய்யக்கூடிய ஓட்டக்காரர் எதிரணியில், ரன்னுக்காகச் சுற்றிவர வேண்டிய தளங்களில் ஒன்றிலோ மட்டையுடனோ அடுத்த வரிசையிலோ நிற்கும்போது நுழைந்திருக்க வேண்டும், அல்லது மூன்று இன்னிங்ஸ் திறம்பட எறிந்திருக்க வேண்டும்.

நியாயத்தை நாடிப் பிறந்த இந்தக் கணக்கு, காலப்போக்கில் தான் அளக்க வந்த தொழிலையே தன் அளவுக்கு வெட்டிக்கொண்டது. 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல் ஒரே பருவத்தில் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸ் எறிந்து, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைப் பெற்ற முதல் ரிலீஃப் பிட்ச்சரானார். உடலியக்கவியலில் பிற்பாடு முனைவர் பட்டமும் பெற்ற அவர் போன்றோர், ஆபத்து எந்த இன்னிங்ஸில் வந்தாலும் அப்போதே அழைக்கப்பட்டனர். 1980களின் பிற்பகுதியில் ஓக்லண்ட் அணியின் மேனேஜர் டோனி லா ரூசா இதை மாற்றினார். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் தொடக்க பிட்ச்சராக இருந்து, மதுப்பழக்கத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஏறக்குறைய ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டுமே என்று ஒதுக்கினார். குளோசர் எனப்படும் இந்த முடித்துவைப்பவரின் பணியில் எக்கர்ஸ்லி 1992இல் 51 சேவ் எடுத்து, சை யங் விருதையும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் ஒருசேர வென்றதும், மற்ற அணிகளும் அம்முறையையே பின்பற்றின. ஏழாவது இன்னிங்ஸில் தளங்கள் நிரம்பி ஆட்டம் கைநழுவிக்கொண்டிருக்கும்போதும், அணியின் மிகச் சிறந்த ரிலீஃப் பிட்ச்சர் ஒன்பதாவது இன்னிங்ஸின் சேவுக்காகப் புல்பென்னிலேயே அமர்ந்திருப்பது பல்லாண்டுகள் நடைமுறையாக இருந்தது. இது தவறான பயன்பாடு.

ஆயினும் அந்த ஒற்றை இன்னிங்ஸின் பாரம் பொய்யானதன்று. இருபது ஓவர் கிரிக்கெட்டில் இறுதி ஓவரை வீசுபவரின் நிலையை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அது எளிதில் விளங்கும். வேறுபாடு என்னவெனில், குளோசர் அதை ஆண்டுக்கு அறுபது எழுபது முறை செய்தாக வேண்டும். அப்பணியை மற்றெவரையும்விட நீண்ட காலம் நிறைவேற்றியவர் மரியானோ ரிவேரா.

பனாமாவின் புவேர்ட்டோ கைமித்தோ என்ற மீனவ ஊரில் வளர்ந்து, தந்தையின் மீன்பிடிப் படகில் வேலை செய்த ரிவேரா, ஆங்கிலம் அறியாத இருபது வயது இளைஞராக 1990இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஒப்பந்தமானார். 1995இல் தொடக்க பிட்ச்சராகப் பத்து ஆட்டங்களில் சோதிக்கப்பட்டபோது அவர் சோபிக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்ச்சர், களத்தவறுகளால் வந்தவை நீங்கலாக, சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதைக் காட்டும் இஆர்ஏ என்ற கணக்கு அவருக்கு அப்பருவத்தில் 5.51 ஆக இருந்தது. அது குறைவாக இருப்பதே சிறப்பு. மறு ஆண்டு, குளோசருக்கு முந்தைய இன்னிங்ஸ்களை எறியும் பணிக்கு மாற்றப்பட்டதும் அதே கணக்கு 2.09 ஆகக் குறைந்தது. 1997இல் குளோசராகிவிட்ட அவர், சக வீரர் ரமீரோ மெண்டோசாவுடன் சாதாரணமாகப் பந்து எறிந்து பயிலும்போது, நேராகச் செல்ல வேண்டிய தம் பந்து கடைசி நொடியில் தானாகவே விலகுவதைக் கண்டார். அதைத் திருத்த முயன்று முடியாமல் போகவே அப்படியே ஏற்றுக்கொண்டார். கட்டர் என்ற அந்தப் பந்து இடக்கை மட்டையாளரின் உடலை நோக்கிக் கூர்மையாகத் திரும்பி மட்டையின் கைப்பிடிக்கு அருகே தாக்கியதால், எண்ணற்ற மட்டைகள் அவருக்கு எதிரே முறிந்தன. அடுத்த பந்து எதுவென்று மட்டையாளர் அறிந்திருந்தும் அடிக்க முடியவில்லை என்பதே அவரது கலையின் உச்சம்.

ஒரு குளோசர் எவ்வளவு சிறந்தவராயினும் அவரது தோல்வியை ஊரே பார்க்கிறது. உலகத் தொடரை உள்ளடக்கிய பருவ இறுதி ஆட்டங்களில் தொடர்ந்து 23 சேவ்களைப் பெற்றிருந்த ரிவேரா, 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், அரிசோனாவுக்கு எதிராக ஒரு ரன் முன்னிலையுடன் ஒன்பதாவது இன்னிங்ஸைத் தொடங்கினார். இரண்டாம் தளத்துக்கு அவரே தவறாக எறிந்த ஒரு பந்தும், டோனி வோமாக்கின் சமன்செய்த அடியும், உள்களத்தின் மேலாகத் தளர்வாக விழுந்த லூயிஸ் கொன்சாலஸின் அடியும் சேர்ந்து கோப்பையைப் பறித்தன. தொடக்க பிட்ச்சர் ஒருவர் இரண்டாம் இன்னிங்ஸில் தவறினால் அணி மீள வாய்ப்புண்டு. குளோசர் தவறினால் மீட்க இன்னிங்ஸே மிச்சமிருப்பதில்லை. அடுத்த நாளே பந்தை மீண்டும் வாங்கிக்கொள்ளும் மனவலிமைதான் இத்தொழிலில் நிலைப்பவரையும் நிலைக்காதவரையும் பிரிக்கிறது. ரிவேரா நிலைத்தார். 2011இல் ட்ரெவர் ஹாஃப்மனின் 601 சேவ் சாதனையைக் கடந்தார். 2012 மே மாதம் பயிற்சியின்போது முழங்காலின் தசைநார் கிழிந்த நிலையிலும், மறு ஆண்டு 43 வயதில் திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார். 652 சேவ்களுடன் 2013இல் விடைபெற்ற அவரது பருவ இறுதி ஆட்டங்களின் இஆர்ஏ 0.70 மட்டுமே. கறுப்பினத்தவருக்கு நவீன மேஜர் லீக்கின் கதவைத் திறந்த ஜாக்கி ராபின்சனின் நினைவாக 1997இல் எல்லா அணிகளும் 42ஆம் எண்ணைப் புதியவர்களுக்கு வழங்குவதை நிறுத்தியபோது, ஏற்கெனவே அதை அணிந்திருந்தவர்களில் கடைசியாக எஞ்சியவரும் ரிவேராதான்.

அவரைப் போன்ற நீண்ட வாழ்வு அரிது. எரிக் கான்யே என்ற குளோசர் 2002 முதல் 2004 வரை ஒரு வாய்ப்பைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 84 சேவ்களைப் பெற்றார். 2005இல் முழங்கை பழுதடைந்தது, 2008க்குப் பின் அவர் மேஜர் லீக்கில் எறியவில்லை. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், ஒவ்வொரு பந்தையும் முழு விசையுடன் எறிவது முழங்கையின் தசைநாரை அறுக்கக்கூடியது. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த நாரைப் பொருத்திச் செய்த அறுவை சிகிச்சை டாமி ஜானின் பெயராலேயே இன்று வழங்குகிறது. அதன் பிறகு கை தேறுவதற்கு ஓர் ஆண்டுக்கும் மேலாகிறது.

இவர்களையெல்லாம்விடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியவர்கள் ஐந்தாவது முதல் எட்டாவது இன்னிங்ஸ் வரை எறியும் நடு ரிலீஃப் பிட்ச்சர்கள். இவர்கள் பெரும்பாலும் தளங்களில் ஆட்கள் நிற்கும்போதே நுழைகிறார்கள். அந்த ஓட்டக்காரர்கள் ரன் எடுத்துவிட்டால் அது முந்தைய பிட்ச்சரின் கணக்கில் ஏறுகிறது, தடுத்துவிட்டாலோ அதன் பெருமை இவர்களது இஆர்ஏயில் தெரிவதேயில்லை. முந்தைய இரவு மூன்று இன்னிங்ஸ் எறிந்து அணியைக் காத்த இளைஞர், இனி இரண்டு நாள் எறிய இயலாது என்பதாலேயே மறுநாள் காலை கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டு, களைப்பில்லாத வேறொருவர் அவரிடத்துக்கு அழைக்கப்படுவதும் உண்டு. இந்த அலைக்கழிப்பு மிகுந்ததால்தான் ஒருவரை ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் இவ்வாறு அனுப்பக்கூடாது என்று 2022இல் வரம்பு விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் அணி தன் குளோசர் எட்வின் டியாஸுக்கு ஐந்தாண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரே புல்பென் பலகையில் அமர்பவர்களிடையே இத்தனை தொலைவு இருக்கிறது. ஒரே ஒரு இடக்கை மட்டையாளரை அவுட்டாக்குவதற்கென்றே இருந்த இடக்கை பிட்ச்சர்களின் பிழைப்போ, நுழைபவர் குறைந்தது மூன்று மட்டையாளர்களைச் சந்திக்க வேண்டும் அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டு விதியால் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது.

அணிகளின் ஆய்வாளர்கள் இப்போது எந்த இக்கட்டில் ஒருவர் நுழைந்தார், அதை எவ்வளவு தணித்தார் என்பதைக் கணக்கிடத் தொடங்கியிருப்பதும், மிகச் சிறந்த ரிலீஃப் பிட்ச்சரைச் சில மேனேஜர்கள் ஏழாவது இன்னிங்ஸிலேயே அழைப்பதும் வரவேற்கத்தக்கவை. ஆனால், விருதுகளும் நினைவுகளும் இன்னும் பழைய ஏட்டையே புரட்டுகின்றன. 2019இல் வாக்களித்த 425 பேரும் ஒருமனதாக ரிவேராவை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தனர். ரிலீஃப் பிட்ச்சர் மட்டுமல்ல, வேறெந்த வீரரும் அதற்கு முன் பெறாத பெருமை அது. வில்ஹெம் தொடங்கி 2025இல் சேர்க்கப்பட்ட பில்லி வாக்னர் வரை, முதன்மையாக ரிலீஃப் பணிக்காக அங்கே இடம்பெற்ற ஒன்பது பேரில் பெரும்பாலோர் சேவ் கணக்கில் புகழ்பெற்றவர்களே. நடு இன்னிங்ஸ்களைத் தாங்கியதற்காக மட்டும் அங்கே இடம்பெற்றவர் இதுவரை ஒருவருமில்லை. அது அம்மன்றத்தின் பட்டியலில் உள்ள குறைதானே தவிர, அந்தப் பிட்ச்சர்களின் குறையன்று.