பாலை மணலில் முதல் ஓட்டம்

கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சாலையில் சிட்டாய்ப் பறந்த சைக்கிள், மணலில் இறங்கியதும் நாலு முழம்கூடப் போகாது. முன்சக்கரம் மணலை உழும். கைப்பிடி நம் கையையே முறுக்கும். கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவோம். மாதா கோயில் கோபுர உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் மணல்மேடுகளில், சுமார் 140 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிளை, வயிற்றில் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோலுடன், நாளெல்லாம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. முதன்முதலாக அப்படிப் போகிற ஒருவருக்கு என்னென்ன நேர்கிறது, அவர் எதையெல்லாம் கற்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்போமா? (பெற்றோர் பதற வேண்டாம். நாம் யாரையும் பாலைவனத்துக்கு அனுப்பப் போவதில்லை.)

இப்பந்தயங்களுள் பெரும் புகழ் பெற்றது 'டக்கார்' பந்தயம். அது பிறந்ததே ஒருவர் வழி தவறியதால்தான். 1977-ஆம் ஆண்டு அபிஜானிலிருந்து நீஸ் நகருக்கு நடந்த பந்தயத்தில் தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் தம் மோட்டார் சைக்கிளோடு சஹாராவில் தன்னந்தனியே திசை தெரியாமல் அகப்பட்டுக்கொண்டார். மீட்கப்பட்டு ஊர் திரும்பியவர், இனி அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மற்றவர்களையும் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்தார்! 1978 டிசம்பர் 26 அன்று பாரீஸிலிருந்து 182 வண்டிகள் செனகல் நாட்டின் தலைநகரான டக்காரை நோக்கிப் புறப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 74. பாதுகாப்புக் காரணங்களால் 2008-இல் பந்தயம் ரத்தாயிற்று. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவில் நடந்தது. 2020 முதல் சவூதி அரேபியாவுக்கு வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இனி மணலுக்கு வருவோம். கூரான ஆணி சுவரில் எளிதாக இறங்குகிறது, மழுங்கிய ஆணி இறங்க மறுக்கிறது. ஒரே எடை சிறு பரப்பில் அழுந்தினால் அழுத்தம் அதிகம், பெரும்பரப்பில் பரவினால் குறைவு என்று அறிவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்தப் பாடந்தான் இங்கேயும். மணலில் பழகுகிறவர்கள் முதலில் டயரில் காற்றைக் குறைக்கிறார்கள். டயர் சற்றே சப்பையாகி, அகன்று மணலில் படிகிறது. வண்டி புதைவது குறைகிறது. பெரிய பந்தயங்களில் காற்றடைத்த ட்யூபுக்குப் பதிலாக நுரைபோன்ற ரப்பர் வளையத்தையே டயருக்குள் திணித்துவிடுகிறார்கள். முள்ளும் கல்லும் குத்தினாலும் காற்று போகும் என்ற கவலை அதற்கு இல்லை.

அடுத்தது உடல். ஆசனத்தில் சுகமாக உட்கார்ந்தால் வேலை நடக்காது. கால்தாங்கிகளின் மீது எழுந்து நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, எடையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது முன்சக்கரம் லேசாகி மணலின் மேல் மிதந்து போகும். கண் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் சொல்வதற்கு எளிது! புதியவரைக் கவிழ்ப்பது பயம். பயந்தவுடன் வேகத்தைக் குறைப்பது நம் இயல்பு. சாலையில் அது நம்மைக் காப்பாற்றும். இளமணலிலோ, வேகம் தளர்ந்த கணமே முன்சக்கரம் புதைந்து வண்டி குப்புற விழும். உடம்பு சொல்வதைக் கேட்காமல், சீராக முடுக்கிக்கொண்டே போக வேண்டும். இதைப் பழக்கமாக்கிக் கொள்ளவே புதியவர்களுக்குப் பல நாட்கள் ஆகின்றன.

அதற்காக எங்கும் முடுக்கிக்கொண்டே போனால் அதுவும் ஆபத்து. மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள். காற்று வீசும் பக்கம் சாய்வாகவும் இறுக்கமாகவும் இருக்கும். மறுபக்கத்தில் காற்று தள்ளிவந்த மணல் சரிந்து விழுந்து, செங்குத்தாகவும் பொலபொலவென்றும் கிடக்கும். ஏறும்போது மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உச்சியை நெருங்கும்போது வேகத்தை அடக்கி, சற்றுச் சாய்வாக ஏறி, எட்டிப் பார்த்து இறங்குவதே அனுபவசாலிகளின் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு தாவியவர்கள் எலும்பு முறிந்து ஹெலிகாப்டரில் திரும்பியிருக்கிறார்கள். சூரியனும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. காலையிலும் மாலையிலும் நிழல் நீண்டு விழுவதால் மேடும் பள்ளமும் எழுத்துப்போல் தெரியும். நடுப்பகலில் நிழல் மறைந்து, எல்லாம் ஒரே வெள்ளைத் துணி விரித்தாற்போல் ஆகிவிடும். பள்ளத்தில் விழுந்த பிறகுதான் பள்ளம் தெரியும். மாவைப்போல் நைந்த புழுதி நிறைந்த இடங்களும் உண்டு. அவற்றுக்கு 'ஃபெஷ்-ஃபெஷ்' என்று பெயர். பார்வைக்குச் சமதரை, அடியில் கல்லும் குழியும்.

இத்தனைக்கும் நடுவே படிக்கவும் வேண்டும் என்றால் நம்புவீர்களா? பாலைவனத்தில் சாலை இல்லை. சொந்தமாக வழிகாட்டும் கருவி கொண்டுபோகவும் அனுமதி இல்லை. பந்தயம் நடத்துகிறவர்கள் 'ரோட் புக்' என்ற வழிக்குறிப்பைக் கொடுக்கிறார்கள். நெடுங்காலமாக அது கைப்பிடிக்கு மேலுள்ள பெட்டியில் சுருட்டி வைக்கப்பட்ட காகிதச் சுருளாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் மின்திரையும் வந்துவிட்டது. எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும், திசைமானி எத்தனை பாகை காட்ட வேண்டும், எங்கே பள்ளம் என்பதெல்லாம் அதில் சிறு சிறு படங்களாக இருக்கும். ஆபத்து என்றால் ஓர் ஆச்சரியக்குறி. பெரிய ஆபத்து என்றால் இரண்டு. மூன்று குறிகள் கண்டால் உயிருக்கே ஆபத்து. குதித்தோடும் வண்டியின்மேல் நின்றபடி ஒரு கண்ணால் இதைப் படிக்க வேண்டும். வழியில் மறைவான இலக்குகளும் உண்டு. சரியான பாதையில் அருகே சென்றால்தான் கருவி அவற்றைக் காட்டும். தவறவிட்டால் தண்டனை நேரம். வேகமாக ஓட்டத் தெரிந்த புதியவர்கள் பலர் பின்தங்குவது இங்கேதான். முன்னே போகிறவரின் சக்கரத் தடத்தைப் பின்பற்றினால் போதாதா என்று தோன்றும். அவரே வழி தவறியிருந்தால்?

பொழுது விடியுமுன் தொடங்கும் நாள் இது. சவூதியில் பந்தயம் நடக்கும் ஜனவரியில் பாலைவன இரவு நடுங்க வைக்கும். விறைத்த விரல்களோடு பந்தயம் தொடங்கும் இடத்துக்குப் போய், மணிக்கணக்கில் மணலோடு போராடி, மாலையில் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஏறக்குறைய இரண்டு வாரம், ஏழெட்டாயிரம் கிலோமீட்டர். சிலர் பணியாளர் யாருமின்றி, ஒரே ஒரு பெட்டியில் கருவிகளை வைத்துக்கொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் தூங்கும்போது இவர்கள் விளக்கொளியில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் பத்து இடங்களில் வருகிறவர்களைவிட இவர்கள்மீதே நமக்கு மதிப்பு அதிகம்.

ஸ்பெயின் நாட்டு லாயா சன்ஸ் என்ற வீராங்கனையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. அவர் வந்தது வேகப் பந்தயத்திலிருந்து அல்ல. பாறைகள்மீது, கால் தரையில் படாமல், நடக்கும் வேகத்தில் மோட்டார் சைக்கிளைச் சமநிலையில் ஏற்றி இறக்கும் 'டிரையல்' என்னும் விளையாட்டில் 13 முறை மகளிர் உலகச் சாம்பியன் அவர். 2011-இல் முதன்முதலாக டக்காரில் இறங்கி 39-ஆவதாக முடித்தார். 2013-இல் 93-ஆம் இடம். ஆனாலும் விட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை. 2015-இல் 9-ஆம் இடம். மோட்டார் சைக்கிள் பிரிவில் இன்னொரு பெண் அந்த இடத்தை அதுவரை எட்டியதில்லை. 2011 முதல் 2021 வரை 11 முறை தொடங்கினார். 11 முறையும் முடித்தார். மெதுவாகப் போகக் கற்ற கைகளே இதைச் சாதித்தன என்பது நம் எண்ணம். ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் 1988-இல் மோட்டார் சைக்கிளில் வந்து, பிறகு காருக்கு மாறி, 2001-இல் கார் பிரிவில் முதலிடமே பெற்றார்.

நம் நாட்டவரும் பின்தங்கிவிடவில்லை. பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ் 2015-இல் டக்காரை முடித்த முதல் இந்தியர், இடம் 36. அதே ஊரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 'பாஹா' எனப்படும் குறுகிய பாலைப் பந்தயங்களின் உலகக் கோப்பையில் 2019-இல் மகளிர் பிரிவை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பெயினில் விழுந்து உள்ளுறுப்பில் பலத்த காயம் பட்டவர் அவர். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் 'ராலி 2' பிரிவில் முதலாவதாக வந்தார். அவர் ஓட்டிய வண்டி, ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனமும் பிரான்சின் ஷெர்கோவும் சேர்ந்து நடத்திய அணியுடையது.

இவ்வளவு புகழ்ந்த நாம் மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. இது உயிர் பறிக்கும் விளையாட்டு. ஆப்பிரிக்காவில் நடந்த காலத்தில் ஓட்டியவர்கள் மட்டுமல்ல, வழியோரக் கிராமங்களின் குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் உணவுக்கும் ஏங்கும் மக்களின் நடுவே செல்வத்தையும் வலிமையையும் காட்டும் காட்சி என்று 1988-இல் வத்திக்கான் நாளேடு 'லொசெர்வாத்தோரே ரொமானோ' கண்டித்தது. அந்தக் கண்டனத்தை எளிதில் தள்ளிவிட நம்மால் முடியவில்லை. பந்தயத்தைத் தோற்றுவித்த சபீனே 1986 ஜனவரி 14 அன்று மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விழுந்து மாண்டார். உடன் மாண்ட நால்வரில் ஒருவர் டானியேல் பாலவுவான் என்ற பாடகர். அவர் அங்கே போனது பந்தயம் ஓட அல்ல. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தண்ணீர்ப் பம்புகள் கிடைக்கச் செய்வதற்காக.

ஆனால் இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. காயம்பட்டுக் கிடப்பவரைக் கண்டு நின்று உதவுகிறவர் இழக்கும் நேரம், பிறகு கணக்கில் அவருக்குத் திருப்பித் தரப்படும். 2020 ஜனவரி 12 அன்று போர்ச்சுகலின் பாவுலோ கொன்சால்வெஸ் சவூதி மணலில் விழுந்து கிடந்தார். டக்காருக்கு அவர் வந்தது அது 13-ஆம் முறை. பின்னால் வந்த ஆஸ்திரேலியர் டோபி பிரைஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன், தம் வண்டியை நிறுத்தினார். உதவிக்கு அழைத்துவிட்டு அருகிலேயே இருந்தார். மருத்துவர்கள் ஹெலிகாப்டரில் வந்தும் கொன்சால்வெஸைப் பிழைக்க வைக்க முடியவில்லை. அவரைக் கொண்டுபோகும்வரை பிரைஸ் அவ்விடம் விட்டு அகலவில்லை. பிறகு தம் வண்டியில் ஏறி, மீதித் தூரத்தை ஓட்டி முடித்தார். மறுநாள் மோட்டார் சைக்கிள்களுக்குப் பந்தயம் நடக்கவில்லை.